தாயில்லாக் குட்டிக்கு எந்தப் பால்? டின் விலை வேறு, பாலின் விலை வேறு

தோட்டப் பக்கம் போய் நாலு பேரோடு உட்கார்ந்து பேசினால், சம்பளப் பேச்சுக்கும் சாமான் விலைப் பேச்சுக்கும் பிறகு ஆட்டுப் பேச்சு வந்துவிடுகிறது. அண்மையில் ஒரு தோட்டத்தில் ஒரு தாயார் நம்மிடம் இப்படிக் கேட்டார்:

"ஐயா, ரெண்டு குட்டி போட்டுட்டு ஆடு செத்துப்போச்சு. பாவமா இருக்கேன்னு கடையில டின் பால் வாங்கி, சுடுதண்ணியில கரைச்சு, போத்தல்ல ஊத்திக் கொடுத்தேன். ரெண்டும் ஆசையாத்தான் குடிச்சுச்சு. மூணாம் நாளு கழிச்சல் கண்டுச்சு. அஞ்சாம் நாளு ஒண்ணு போயிடுச்சு, மறுநாளு இன்னொண்ணும் போயிடுச்சு. நான் என்னங்க தப்புப் பண்ணினேன்?"

அந்தத் தாயார் எந்தத் தப்பும் செய்யவில்லை. கையில் இருந்த காசுக்குக் கிடைத்ததை வாங்கினார். அதைப் 'பால்' என்று சொல்லித்தான் நாம் எல்லோரும் வாங்குகிறோம். ஆனால், அந்த டின்னுக்குள் இருந்தது பாலா என்பதுதான் கேள்வி. இந்த வாரம் அதை நாம் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஆட்டுக்குட்டியில் ஆரம்பிக்கிற விஷயம் நம் வீட்டுப் பிள்ளைகள் வரை வந்து நிற்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஆடு ஏன் பெரிய விஷயம்?

2025 பிப்ரவரி 1 முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. வாரத்தில் ஆறு நாள் வேலை என்று கணக்கிட்டால், நாள் ஒன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. அதற்கு முன், 2022 மே முதல் 1,500 வெள்ளியாக இருந்தது. உயர்வு உயர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டு வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் போக மிஞ்சுவது என்ன என்பதை நாம் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

இந்த நிலைமையில் தோட்டத்துக் குடும்பத்துக்கு ஆடு ஒரு நடமாடும் சேமிப்பு. பள்ளி திறக்கும் நேரத்தில் ஒன்றை விற்கலாம். தீபாவளிக்கு வைத்துக்கொள்ளலாம். முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்ட கிடாயை வெளியில் விலை கொடுத்து வாங்காமல் இருக்கலாம். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் பக்கத்துக் கம்பத்துக்காரர்கள் தேடி வந்து வாங்குவார்கள். நம் நாடு தின்கிற ஆட்டிறைச்சியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இங்கே உற்பத்தியாகிறது. மற்றதெல்லாம் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் வருகிறது. ஆகவே, உயிரோடு நிற்கும் ஓர் உள்ளூர் ஆட்டுக்கு வாங்க ஆள் இல்லை என்ற பேச்சே கிடையாது.

அப்படிப்பட்ட ஆடு ஈன்ற குட்டி ஒன்று செத்தால், அது 'பாவம், போயிற்று' என்று விட்டுவிடுகிற சங்கதி அல்ல. ஒரு வருஷத்துக்குப் பின் கைக்கு வரவேண்டிய பணம் அது.

பால் ஏன் விலை ஏறியது?

நம் கடைகளில் உள்ள பால் மாவில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு. நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் அதில் முக்கியமானவை. அங்கே விலை ஏறினால் இங்கேயும் ஏறும். அங்கே விலை ஏறாவிட்டாலும், நம் வெள்ளியின் மதிப்பு இறங்கினால் இங்கே ஏறும். 2024 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 4 வெள்ளி 80 காசு என்ற அளவுக்கு நம் வெள்ளி இறங்கியது. 1998 ஜனவரிக்குப் பிறகு காணாத இறக்கம் அது. பின்னர் வெள்ளி தேறியது. ஆனால் அப்போது ஏறிய சாமான் விலைகள் அதே வேகத்தில் இறங்கினவா என்பதைக் கடைக்குப் போய்வரும் தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நல்ல பால் மாவு எட்டாத உயரத்துக்குப் போகும்போது, கை தானாகவே பக்கத்துத் தட்டில் இருக்கும் மலிவான டின்னை எடுக்கிறது. அந்த மலிவுக்குள்தான் வில்லங்கம் இருக்கிறது.

டின்னுக்குள் என்ன இருக்கிறது?

முன்பெல்லாம் 'சூசு பெக்காட் மானிஸ்' என்று எழுதியிருந்தது. அது கெட்டியாகக் காய்ச்சிய பசும்பாலில் சர்க்கரை கொட்டியது. அதிலேயே பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரைதான். இன்று நாம் தேத்தண்ணிக்கு வாங்கும் டின்களில் பெரும்பாலானவற்றை எடுத்துப் பாருங்கள். 'கிரீமர் மானிஸ்' என்று எழுதியிருக்கும். அது கெட்டிப் பால் அல்ல. சர்க்கரையும் செம்பனை எண்ணெயும் முக்கியமாகச் சேர, பால் சத்து கொஞ்சமாகக் கலந்த ஒரு கலவை. தேத்தண்ணிக்கு நிறமும் இனிப்பும் கொடுப்பதற்காகவே செய்தது. செய்தவர்களும் அதைப் பால் என்று சொல்லவில்லை. நாம்தான் பழக்கத்தில் 'டின் பால்' என்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? நாம் குலை வெட்டிச் சுமந்து, ஆலைக்கு அனுப்பிய செம்பனைப் பழத்தின் எண்ணெயே டின்னுக்குள் ஏறி, பால் என்ற பெயரில் நம் வீட்டுக்குத் திரும்பி வருகிறது. நாமும் காசு கொடுத்து வாங்குகிறோம்!

எண்ணெய் விஷம் என்று நாம் சொல்லவில்லை. கன்றுகளுக்கென்று விற்கும் நல்ல பால் மாவிலும் செம்பனை எண்ணெய், தேங்காய் எண்ணெய் உண்டு. கோளாறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, சர்க்கரை. பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரையைக் குட்டி செரித்துக்கொள்ளும். ஆனால் நாம் கடையில் வாங்கும் கரும்புச் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி பிறந்த ஆட்டுக்குட்டியின் குடலுக்குக் கிடையாது. செரிக்காத சர்க்கரை குடலில் புளித்து, தண்ணீரை இழுத்து, கழிச்சலாக வெளியே வரும். அந்தத் தாயாரின் குட்டிகளுக்கு நடந்தது இதுவாகவே இருக்க வேண்டும். இரண்டாவது, புரதம். சதை வளரப் புரதம் வேண்டும். கிரீமரில் அது பெயருக்குத்தான் இருக்கிறது.

பால் கொட்டகைப் பாடம்

ரப்பர் மரம் வெட்டிய நம் பெரியவர்களுக்கு இதை விளக்க நமக்குச் சிரமமே இல்லை. வாளி நிறையப் பால் கொண்டுபோய் நிறுத்தினால் மட்டும் கிராணி கணக்கெழுதிவிடுவாரா? அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்றல்லவா பார்ப்பார்? மழைத் தண்ணீர் கலந்த பால் எடையில் கூடும், கணக்கில் கூடாது. தோட்டத்து நிர்வாகம் நம் பாலை அப்படித்தான் வாங்கியது. அப்படியிருக்க, கடைப் பாலை மட்டும் நாம் ஏன் டின் கணக்கில் வாங்க வேண்டும்? அதே கண்ணோடு சத்துக் கணக்குப் பார்த்து வாங்குவோம்.

டின்னின் முதுகில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 'புரோட்டீன்' என்ற சொல்லுக்கு நேரே, 100 கிராமுக்கு எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள். ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். விலைகள் நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் கடை விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரீமர் டின் 500 கிராம், விலை 4 வெள்ளி, புரதம் 100 கிராமுக்கு 2 கிராம் என்று இருந்தால், டின் முழுவதிலும் 10 கிராம் புரதம். 25 கிராம் புரதம் வேண்டுமென்றால் இரண்டரை டின், அதாவது 10 வெள்ளி. முழுக் கொழுப்புப் பால் மாவு கிலோ 28 வெள்ளி, புரதம் 100 கிராமுக்கு 25 கிராம் என்று இருந்தால், அதே 25 கிராம் புரதத்துக்கு 2 வெள்ளி 80 காசு.

எது மலிவு? 4 வெள்ளி டின்னா, 28 வெள்ளி மாவா?

சிங்கப்பூரில் கேட்ட ஒரு குரல்

ஆட்டுக்குட்டிக்கு நடந்த இதே கொடுமை ஒரு காலத்தில் மலாயாவில் மனிதக் குழந்தைகளுக்கு நடந்தது என்பதை இன்றைய தலைமுறை அறிய வேண்டும். டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண்மணி 1936-இல் மலாயாவுக்கு வந்தார். சர்க்கரை போட்ட கெட்டிப் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடு என்று விளம்பரம் செய்ய, அதை நம்பிய ஏழைத் தாய்மார்கள் கைக்குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் நோயில் விழுந்தன, மடிந்தன. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அழைக்கப்பட்ட அந்த டாக்டர், தம் பேச்சுக்கு 'பாலும் கொலையும்' என்றே தலைப்பு வைத்தார். தவறான பிரச்சாரத்தால் பிள்ளை சாவதைக் கொலையாகவே கருத வேண்டும் என்று பெரிய மனிதர்களின் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

அதற்குப் பிறகு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. சட்டங்கள் வந்தன, டின்னில் எழுத்துகளும் வந்தன. ஆனால் 'டின் பால்' என்ற பேச்சுமட்டும் நம் வாயை விட்டுப் போகவில்லை. பேச்சு மாறாதவரை ஏமாற்றமும் மாறாது.

எந்தப் பால் வாங்கலாம்?

முதல் இடம் இன்னோர் ஆட்டுக்கு. லயத்தில் யார் வீட்டிலாவது ஒற்றைக் குட்டி போட்ட ஆடு இருந்தால், கேட்டுப் பாருங்கள். அதைவிட மலிவான பாலும் இல்லை, நல்ல பாலும் இல்லை.

இரண்டாவது, பசும்பால். மாடு வைத்திருப்பவரிடம் வாங்கும் தண்ணீர் கலக்காத பால் வெள்ளாட்டுக் குட்டிக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும். ஆட்டுப் பாலுக்கும் பசும்பாலுக்கும் புரதத்திலும் கொழுப்பிலும் பெரிய வித்தியாசமில்லை. காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள். பெட்டியில் வரும் முழுக் கொழுப்புப் பாலும் ஆகும். 'முழு கிரீம்' என்று எழுதியிருக்க வேண்டும், சர்க்கரை சேர்த்திருக்கக் கூடாது.

மூன்றாவது, முழுக் கொழுப்புப் பால் மாவு. பாக்கெட்டில் 'சூசு தெப்போங் பெனு கிரீம்' என்று இருக்கும். 125 கிராம் மாவுக்கு ஒரு லிட்டர் பால் வருகிற அளவுக்குக் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்தால், பசும்பாலின் கெட்டி வரும். 'லெமாக் சாயுர்', அதாவது தாவரக் கொழுப்பு சேர்த்த மாவு இதைவிட விலை குறைவு. அதில் புரதம் 100 கிராமுக்கு 20 கிராமுக்குக் குறையாமல் இருந்தால், குட்டிக்கு இரண்டு வாரம் ஆன பிறகு கொடுத்துப் பார்க்கலாம்.

நான்காவது, கன்றுக்கென்று தீவனக் கடைகளில் விற்கும் பால் மாவு. பெரிய மூட்டையாக வரும். ஒரு வீட்டுக்குக் கட்டுப்படியாகாது, நாலைந்து வீடு சேர்ந்தால் கட்டுப்படியாகும். புரதம் பாலிலிருந்து எடுத்ததா, சோயாவிலிருந்து எடுத்ததா என்று கேளுங்கள். மூன்று வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குச் சோயா ஒத்துக்கொள்ளாது. மருந்து சேர்த்த மாவாக இருந்தால் கால்நடை இலாகாவைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுவோம். கிரீமர், கெட்டிப் பால், காப்பிக்குப் போடும் வெள்ளை மாவு, சோயாப் பால், தேங்காய்ப் பால் எதுவும் பிறந்த குட்டிக்கு உணவாகாது. கொழுப்பு எடுத்த மாவு தனியாகக் கொடுத்தால் உடம்பில் தெம்பு நிற்காது. குழந்தைகளுக்கான பிள்ளை மாவு விலையும் அதிகம், புரதமும் குட்டிக்குப் போதாது. மனிதக் குழந்தை மெதுவாக வளர்வது, ஆட்டுக்குட்டியோ இரண்டு மூன்று வாரத்தில் பிறந்த எடையைப் போல் இரு மடங்காகிவிடும்.

முதல் நாள் தவறினால்

எந்தப் பாலுக்கும் முன்னால் சீம்பால். ஆட்டுக்குட்டிக்கு நோய் தடுக்கும் சக்தி தாயின் வயிற்றில் இருக்கும்போது கிடைப்பதில்லை. சீம்பாலில்தான் கிடைக்கிறது. அதையும் குடல் ஒரு நாள் வரைதான் உள்ளே விடும், நேரம் ஆக ஆக வாசல் மூடிக்கொண்டே வரும். இரண்டு கிலோக் குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லி வேண்டும். அதில் பாதி முதல் ஆறு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். தாய் செத்துக் கிடந்தாலும் மடியில் பால் இருந்தால் உடனே கறந்துவிடுங்கள். வேறோர் ஆட்டின் சீம்பாலும் ஆகும், பசுவின் சீம்பாலும் ஆகும். முட்டையும் எண்ணெயும் கலந்து கொடுப்பது தெம்புக்கு உதவலாம், நோயைத் தடுக்காது.

இப்போது பல வீடுகளில் ஐஸ் பெட்டி இருக்கிறது. மாடோ ஆடோ ஈனும்போது மிச்சப்படும் சீம்பாலைச் சின்னச் சின்னப் போத்தல்களில் உறையவைத்தால் பல மாதம் கெடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து உருக்க வேண்டும். அடுப்பில் வைத்தால் திரிந்துபோகும், சக்தியும் போய்விடும்.

எட்டு வாரக் கணக்கு

இரண்டு கிலோ எடையில் பிறந்த வெள்ளாட்டுக் குட்டிக்கு முதல் வாரம் நாளுக்கு 350 மில்லி, இரண்டாம் வாரம் 500, மூன்றாம் வாரம் 700, நான்கு முதல் ஆறாம் வாரம் வரை 800, ஏழாம் வாரம் 600, எட்டாம் வாரம் 400. மொத்தம் சுமார் 35 லிட்டர். மாவாகக் கணக்கிட்டால் நாலரைக் கிலோவுக்குள் அடங்கும். கிலோ 28 வெள்ளி என்றால் 126 வெள்ளி. ஏறக்குறைய இரண்டு நாள் கூலி. ஒரு குட்டியின் உயிருக்கும் ஒரு வருஷத்துச் சேமிப்புக்கும் இந்த விலை அதிகமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதல் இரண்டு வாரம் நாளுக்கு நாலு வேளை. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, மதியம் திரும்பியதும் ஒரு தடவை, மாலை, இரவு. மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று வேளை, ஐந்தாம் வாரத்திலிருந்து இரண்டு வேளை போதும். பால் நம் உடம்புச் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கட்டும். குட்டியை மல்லாத்திப் பிள்ளைக்குப் புகட்டுவதுபோல் புகட்டக் கூடாது, பால் நெஞ்சுக்குள் போய்விடும். நின்றபடி, தாய்மடியில் முட்டுவதுபோல் தலை தூக்கிக் குடிக்கட்டும். 'இன்னும் கேக்குதே' என்று ஊற்றிக்கொண்டே இருந்தாலும் வயிறு உப்பிப் போகும். போத்தலையும் ரப்பர் காம்பையும் ஒவ்வொரு தடவையும் சுடுதண்ணீரில் கழுவுங்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்தே இளம்புல், தண்ணீர், கொஞ்சம் தீவனம் பக்கத்தில் இருக்கட்டும். தின்னப் பழகினால்தான் எட்டாம் வாரத்தில் பாலை நிறுத்த முடியும். கழிச்சல் கண்டால் ஒன்றிரண்டு வேளைப் பாலைக் குறைத்து, கிளினிக்கில் கொடுக்கும் குளுக்கோஸ் கலந்த உப்புத் தூளைக் கரைத்துக் கொடுங்கள். இரத்தம் கண்டாலோ, குட்டி எழுந்து நிற்காவிட்டாலோ, ஜில்லா கால்நடை அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

செம்மறி வளர்ப்போருக்கு

1980-களில் ரப்பர் மரத்தடியில் செம்மறியாடு விட்டுப் புல்லைக் கட்டுப்படுத்தும் முறை பல தோட்டங்களில் பேசப்பட்டது. இன்றும் சிலர் வளர்க்கிறார்கள். செம்மறிப் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட மிக அதிகம். ஆகவே செம்மறிக் குட்டிக்கு லிட்டருக்கு 150 கிராம் வரை மாவு போட்டுக் கொஞ்சம் கெட்டியாகக் கரைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. செம்மறிக்குத் தாமிரச் சத்து மிஞ்சினால் ஈரலில் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று ஆளையே சாய்த்துவிடும். கன்றுக்கான பால் மாவில் தாமிரம் சேர்த்திருக்கலாம். செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கிலும் தாமிரம் கூடுதல். மலிவாகக் கிடைக்கிறதே என்று செம்மறிக்கு அதையே தீவனமாக நாள்கணக்கில் போட்டு இழந்தவர்கள் உண்டு. வெள்ளாடு ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது.

நம் வீட்டுத் தொட்டில்

கடைசியாக ஒரு வார்த்தை. இங்கே சொன்ன அளவுகள் ஆட்டுக்குட்டிக்குத்தான். கைக்குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அது முடியாதபோது கிளினிக் நர்ஸ் சொல்கிறபடி நடக்க வேண்டும். ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு முழுக் கொழுப்பு மாவும் வேண்டாம். கிரீமர் எந்த வயதுப் பிள்ளைக்கும் பாலாகாது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் காலையில் கிரீமர் கரைத்த ஒரு மங்குத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, 'பால் குடிச்சிட்டுத்தான் போனான்' என்று நாம் திருப்திப்பட்டால், ஏமாறுவது யார்?

சம்பளம் உயரப் போராட வேண்டியதுதான். விலைவாசியைக் கேள்வி கேட்க வேண்டியதுதான். அதோடு, வாங்கிய சம்பளம் எந்தப் பெயரில் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு மூட்டை மாவு வாங்குங்கள். ஒரு வீட்டு ஐஸ் பெட்டியில் சீம்பால் போத்தல் இரண்டு எப்போதும் இருக்கட்டும். படிக்கிற பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போய், டின்னின் முதுகைத் திருப்பி 'புரோட்டீன் எவ்வளவு?' என்று படிக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தாயார் வீட்டில் இன்னோர் ஆடு சினையாக இருக்கிறது. "இந்தத் தடவ டின்னு வாங்க மாட்டேங்க" என்று நம்மிடம் சொன்னார். அந்தக் குட்டிகள் பிழைத்து நிற்கும் செய்தியை அவர் வாயால் கேட்க நாம் காத்திருக்கிறோம்.